வலியுல்லா பாய்க்குத் தனி முகவரி

சாந்தோம், சென்னை - 4
22.8.99, ஞாயிறு

அன்பு மகன் ஆண்டனிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், மாதா கிருபையில் நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பிறகும் எதற்கம்மா தபால் என்று நீ கேட்பாய். கேட்காதே. உன் கம்ப்யூட்டர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை அதன் முன்னாலேயே உட்கார்ந்து எழுத எனக்கு இஷ்டமில்லை. அதோடு அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது, அப்படி எழுதினால் எனக்குக் கோபம் ஒழுங்காக வருவதில்லை, பாதியில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போகிறது. அதனால் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி, நடுவில் தாவாதே, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் சாயங்காலம் பீச்சுக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஜ்ஜிக் கடை முன்னால் நிற்கிறாராம், எனக்கு ஆள் வந்து சொல்கிறார்கள். தண்ணீர் லாரி இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். பாத்ரூம் ஓரத்துக் கூரை போன மழையில் ஒழுகினது இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் பெசன்ட் நகரில் மாதா கோயில் கொடியேற்றம், நடந்தே போவதாக வேண்டியிருக்கிறேன், அப்பா ஆட்டோவில் வருகிறாராம். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். நான் எழுத வந்தது வேறு.

ஜனவரியில் நீ டொரன்டோவில் இருந்து ஃபோனில் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அஞ்சு நிமிஷ வேலைம்மா, எக்ஸ்சேஞ்சுல இருந்த உனக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றாய். ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையில் இருந்து வந்தவர் பெட்டியைப் பொருத்தி, மேஜைக்கு அடியில் ஒயர்களைக் குடல் மாதிரி தொங்கவிட்டுப் போனார், அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கும் அதற்கும் சண்டை. ஃபோன் லைனைப் பிடிப்பதற்கு அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, முப்பத்தோரு வருஷம் காதில் ஹெட்செட் மாட்டியவள் நான், அந்த மாதிரி ஒரு சத்தத்தை எந்த லைனிலும் கேட்டதில்லை. உன் அப்பா, "இன்னா தேசம்மா, இந்த டப்பா யாரையோ கூப்ட்டுக்கினே கீது, அந்தப் பக்கம் ஒருத்தனும் எடுக்க மாட்றான்" என்று தினமும் சொல்வார். அது லைனில் இருக்கிற நேரமெல்லாம் யாரும் நமக்கு ஃபோன் செய்ய முடியாது, உன் அத்தை சண்டைக்கு வந்தாள். சரி, இத்தனையையும் பொறுத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் மெயில் எடுக்கவும் அனுப்பவும் கற்றுக்கொண்டேன். லைனில் இருந்துகொண்டு எழுதாதே, முதலில் நிதானமாக எழுதி வைத்துவிட்டு அப்புறம் கனெக்ட் செய், எழுதி வைத்தது தானாகப் போய்விடும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். அந்தத் தானாகப் போய்விடும் என்கிற வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

அதோடு நிறுத்தினாயா? "உனக்குத் தெரிஞ்சதை நாலு பெரியவங்களுக்கும் சொல்லிக் குடும்மா, புண்ணியமாப் போகும்" என்று எழுதினாய். நானும் பெருமைக்கு ஆசைப்பட்டு மார்ச்சில் வலியுல்லா பாயிடம் போய்ச் சொன்னேன். பாயை மறந்திருக்க மாட்டாய், கோயிலில் நீ முதல் தடவை நன்மை வாங்கினாயே, அந்தப் புதுநன்மைக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தவர், கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் ராஜாவுக்கும் போலீசுக்கும் உடுப்பு தைத்தவர், நம் தெருவுக்குப் பின்னால் தனியாகத்தான் இருக்கிறார். அவர் சம்சாரம் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் மகள் வஜீஹாவும் நீயும் ஒரே டியூஷனில் படித்தீர்கள். அவள் சிங்கப்பூரில் கல்யாணமாகி, அங்கேயே ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை பார்க்கிறாள், ஆபீசில் அவளுக்கு மெயில் இருக்கிறது. பாயிடம் ஃபோன் கிடையாது. மாதத்துக்கு ஒரு தபால் வரும், அதுவும் சில மாதம் வராது. ஆகவே நான், பாய், நம்ம வீட்டுக்கு வாங்க, உங்க பொண்ணு எழுதினா அன்னிக்கே தெரிஞ்சுடும் என்று சொல்லி, அவளுக்கு என் முகவரியில் இருந்தே மெயில் போட்டேன். அவள் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவாள், இங்கிலீஷ் எழுத்தில் அதைப் பார்த்து முதல் தடவை நான் அத்தை என்று படித்துவிட்டேன், பாய் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அதிலிருந்து செவ்வாய்தோறும் சாயங்காலம் அசர் தொழுகை முடித்துவிட்டு வருவார், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் கைகட்டி உட்காருவார், நான் படிப்பேன், அவர் சொல்வார், நான் தட்டுவேன். கம்ப்யூட்டரை அவரைத் தொட விட்டதில்லை. தொட்டால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம், எனக்கே அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டிருந்தது, அதோடு எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

ஏப்ரலில் பாய்க்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். மனசு அலட்டிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இது உனக்கு நான் எழுதியிருக்கிறேன். எழுதாதது இதுதான். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்தார், நான் மெயிலைத் திறந்தேன். அந்தப் பெண் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள், அவன் அடிக்கிறான் என்று எழுதியிருந்தாள். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், "இன்னாம்மா, நல்லாக்கீறாளா?" என்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா ஆண்டனி, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே வாயில் வந்ததைப் படித்தேன். எல்லோரும் நலம், ஆபீசில் வேலை ஜாஸ்தி, அங்கே ஒரே மழை, மாப்பிள்ளை உங்களுக்கு சலாம் சொன்னார் என்று. எந்த வரியும் அதில் இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. டிரங்க் காலில் சாவுச் செய்தி போயிருக்கிறது, சண்டை போயிருக்கிறது, அழுகை போயிருக்கிறது, நான் நடுவில் உட்கார்ந்து எதையும் மாற்றியவள் இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி, இவர் நெஞ்சு தாங்காது, நாம் முதலில் வஜீஹாவிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்று முடிவு கட்டினேன்.

பாய் சந்தோஷமாகப் பதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்லு, அவர் மனசு கோணாம நடந்துக்கோ, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஃபோட்டோ ஒண்ணு அனுப்பு என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நான் தட்டாமல் இருக்க முடியுமா, தட்டினேன். அவர் போன பிறகு அழித்துவிடலாம் என்று எழுதி வைக்கிற இடத்தில் வைத்தேன். அவர் போனதும் உன் அப்பாவுக்குக் காப்பி, அப்புறம் தண்ணீர் லாரி, அப்புறம் கரண்ட் போனது. மறுநாள் சாயங்காலம், உன் மெயில் வந்திருக்கிறதா பார்ப்போம் என்று மறந்துபோய்க் கனெக்ட் செய்துவிட்டேன். ஸ்கிரீனில் ஒரு சின்ன நீலக் கோடு இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது, ஒன்றில் ஒன்று போகிறது என்கிறது. கண்ட பட்டனை எல்லாம் அமுக்கினேன், நிற்கவில்லை, எழுந்து போய் ஃபோன் ஒயரைச் சுவரில் இருந்து பிடுங்கினேன், அதற்குள் போய்விட்டது. தானாகப் போய்விட்டது! நீ சொன்னபடியே. உன் அப்பா ஓடி வந்து, "இன்னா ஆச்சு, ஷாக் அடிச்சுதா?" என்று கேட்டார், அடித்தது என்று சொன்னேன்.

நினைத்துப் பார். அடி வாங்கினேன் என்று எழுதிய பெண்ணுக்கு, அவன் மனசு கோணாமல் நடந்துகொள், அவனோடு சேர்ந்து ஃபோட்டோ அனுப்பு என்று அப்பாவிடம் இருந்து பதில் போயிருக்கிறது. உடனே நான் உண்மையை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என்ன எழுதுவது என்று மூன்று நாள் கோழையாகச் சுற்றினேன், சனிக்கிழமைதான் எழுதினேன், தப்பு என்னுடையது, அத்தாவுக்கு ஒன்றும் தெரியாது என்று. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பதில் இல்லை. பாய் செவ்வாய்க்குச் செவ்வாய் வந்தவர் தினமும் வர ஆரம்பித்தார். "வந்துச்சாம்மா?" "இல்ல பாய்." "மழைன்னு சொன்னாளே, லைன் கட்டாயிருக்குமோ?" நான் இருக்கும் பாய் என்பேன். அப்படி நிற்கிற மனுஷரிடம் இன்னும் ஒரு பொய், இன்னும் ஒரு பொய். ஒரு நாள் கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவே எனக்கு மனசு வரவில்லை, உட்கார்ந்தே இருந்துவிட்டேன், அப்பா திரும்பிப் பார்த்தார்.

ஜூலை மாதம் பாய் எனக்குச் சொல்லாமல் கச்சேரி ரோடு எஸ்டிடி பூத்துக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றார். "எம் பொண்ணு வூட்ட வுட்டுப் போயி ஒரு மாசம் ஆவப் போவுதாம். அத்தாவுக்கு எழுதிட்டேன், இந்த மாதிரி பதில் வந்துச்சுன்னு அவன்கிட்டயே சொல்லி அழுதாளாம். உனுக்குத் தெரியாதா மாமா, நீதான மனசு கோணாம நடந்துக்கன்னு எழுதினே, அப்டின்னு சிரிக்கிறான்மா அவன்" என்றார். பிறகு உள்ளே வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, "அவ எழுதினத படி. எழுதினத மட்டும் படி" என்றார். நான் திறந்து படித்தேன், ஒரு எழுத்து விடாமல். "அத்தா, நான் அந்த வீட்ட விட்டு வந்துட்டேன். அவர் கை நீட்ட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு நெஞ்சு வலின்னு சொல்லாம இருந்தேன், இனிமே முடியல. இப்ப ஆபீஸ்ல வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்களோட ரூம்ல இருக்கேன். நீங்க திட்டினாலும் பரவாயில்ல, பதில் மட்டும் போடுங்க அத்தா."

அவர் அழுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், நான் டாக்டருக்கு ஓட வேண்டியிருக்கும் என்றெல்லாம் பயந்தேனே, ஒன்றும் நடக்கவில்லை. "இது வந்து எத்தினி நாளு?" என்று கேட்டார். இருபத்து மூன்று நாள் என்றேன். "அதுக்கு நான் இன்னா பதில் போட்டேன், அதையும் படி." அதையும் படித்தேன். மாப்பிள்ளைக்கு சலாம் என்கிற இடம் வரும்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். உன் அப்பா தண்ணீர் கொண்டு வந்து வைத்தார், அதைக் குடிக்கவில்லை. எழுந்து போகும்போது என்னைத் திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பதில் மட்டும் போடுங்கன்னு கேட்டுகீறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை ஆண்டனி. உன் அப்பா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், நல்லதுக்குத்தானே செய்தாய் என்று. நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன், அந்த நல்லது என்கிற வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள் என்று.

நாலு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே போனேன். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். "ரோசிச்சுப் பாத்தேன். நீ ரெண்டு தபா எழுதியும் அவ பதில் போடல. ஏன்? எல்லாம் உன் பேர்லதான போவுது. அந்தப் பேரப் பாத்தாலே அவளுக்கு அந்தப் பதிலுதான் நெனப்பு வரும், தொறந்தே பாத்திருக்க மாட்டா. ரூமு அட்ரஸ் எனக்குத் தெரியாது, ஆபீஸ் நம்பர் தெரியாது, அவன்கிட்ட போய்க் கேக்க மாட்டேன். என் பேர்ல ஒண்ணு வேணும்மா. நானே எழுதணும், நானே படிக்கணும். சொல்லிக் குடு" என்றார். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்த எனக்கு இது தோன்றவில்லை பார்.

ஆனால் சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? நீ ஃபோனில் அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய், இங்கே மூன்று வாரம் என் பிராணன் போயிற்று. இலவசமாக முகவரி கொடுக்கிற ஒரு வெப்சைட்டைத் திறந்து அவர் பேரைப் போட்டால், அந்தப் பேரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்கிறது. பாய் விட மாட்டேன் என்கிறார். "என் பேர்ல இன்னொரு ஆளா? எந்த ஊராம்? அவரையே கேட்டுப் பாரேன்" என்கிறார். பேருக்குப் பின்னால் டெய்லர் என்று சேர்த்த பிறகுதான் கிடைத்தது. பிறந்த தேதி கேட்டது, அவருக்குத் தெரியாது, சண்டை முடிந்த வருஷம் என்றார், எந்தச் சண்டை என்று நான் கேட்க, உன் அப்பா ஒரு சண்டை சொல்ல, அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது பாய் என்று தலையில் அடித்துக்கொண்டேன், சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நன்றாக இருக்கிறதா பார் என்று உன் அப்பாவிடம் சத்தமாகச் சொல்கிறார். அதை மாற்றினோம், மறுநாள் மறந்துவிட்டார்.

மவுசைப் பிடிக்கச் சொன்னால் இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்துகிறார். மேஜை ஓரம் வந்துவிட்டால் அதற்கு மேல் எங்கே போவது என்று கேட்கிறார், தூக்கி நடுவில் வையுங்கள் என்றால் தூக்கிக்கொண்டு காற்றிலேயே ஆட்டுகிறார். இரண்டு தரம் சட்டென்று அமுக்க வேண்டிய இடத்தில் ஒன்று அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று அமுக்குகிறார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஸ்டுடியோ உடுப்புப் பெட்டிகள் மேல் எழுதிப் பழகிய பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். கீபோர்டில் பெரிய எழுத்து இருக்கிறது, அமுக்கினால் ஸ்கிரீனில் சின்ன எழுத்து வருகிறது. "நான் இத்த அமுக்கினா அது வேற ஒண்ணு வருது, உன் மெஷின் ரிப்பேரும்மா" என்று எழுந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பு என்ன? இதைச் செய்தவர்கள் ஒருவருக்கும் ஒரு வயசானவர் இதன் முன்னால் உட்காருவார் என்று தோன்றவில்லையா? எல்லாமே பெரிய எழுத்தாக வரும்படி ஒரு கீ இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆயிற்று. தட்டும்போது மேஜைக்குக் கீழே அவர் கால் தானாகப் பெடல் மிதிக்கிறது, ஒயர் பிடுங்கிக்கொள்கிறது. இதில் உன் அப்பா வேறு. ஆறு மாதமாக டப்பா டப்பா என்று அதைத் தொடாதவர், பாய் கற்றுக்கொள்கிறார் என்றதும் ரோஷம் வந்து, பின்னால் நின்றுகொண்டு, "அங்க இல்ல பாய், ரைட்ல போ, ரைட்ல" என்று கிரேன் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி கத்துகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் இரண்டு பேரையும் பார்த்து ஒரு நாள் கத்திவிட்டேன், தெருவே கேட்டிருக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போது என் கை தன்னால் போய் மவுசைப் பிடுங்கும். இரண்டு மூன்று தடவை பொறுத்தார். ஒரு நாள் என் கையைப் பார்த்து, "இந்தக் கை செஞ்ச வேலைதான எல்லாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன், ஸ்கிரீன் எனக்குத் தெரியாது, அவர் என்ன தெரிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும், நான் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் வேலைதான். அப்புறம்தான் அவருக்கு வர ஆரம்பித்தது.

இந்த மாதம் முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, இன்னிக்கு எழுதறேன், நீ இந்தப் பக்கம் பாக்காத என்றார். நான் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து புளி கோது எடுத்தேன். ஒரு விரலால் தட்டுகிறார், ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாதா மன்றாட்டு ஒன்று சொல்லி முடிக்கலாம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், லைன் கட்டானது, எழுதினது அத்தனையும் போயிற்று. பாய், "கஸ்மாலம்!" என்று மேஜையில் ஓங்கி அடித்தார், அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு எழுதலாம் பாய் என்றேன். "நாளைக்கா? ஏற்கெனவே ஒண்ணரை மாசம் லேட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். அனுப்பி முடிக்கும்போது அவருக்கு மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நான் சமையலறையில் இருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று, எட்டிப் பார்க்கலாமா என்று இரண்டு தரம் கால் எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஒரு பேப்பர் குடும்மா, நம்பர் குடுத்துகீறா" என்றார். அவரே பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார், சரியாக இருக்கிறதா என்றுகூட என்னிடம் காட்டவில்லை. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, இட்லி இருக்கிறதா என்று கேட்டார். உன் அப்பா பஜ்ஜி வாங்கி வர ஓடினார், அவருக்கு ஒரு சாக்கு. வஜீஹா வேலையை விடவில்லை, அந்த ரூமிலேயே இருக்கிறாள், டிசம்பரில் லீவு போட்டு வருகிறாள், வந்தபின் தலாக் விஷயம் ஜமாத்தில் பேசுவதாக பாய் சொன்னார். எனக்கும் அவள் தனியாக ஒரு மெயில் போட்டாள், அதில் இரண்டே வரி. "ஆன்ட்டி, உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு. அத்தாவுக்கு வார்த்தைக்கு நடுவுல இடம் விடச் சொல்லிக் குடுங்க, மொத்த லெட்டரும் ஒரே வார்த்தையா இருக்கு." அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன், அது எனக்கு வர வேண்டியதுதான். இடம் விடுகிற அந்த நீளக் கீயை பாய்க்குக் காட்டினேன், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் விடுகிறார்.

இப்போது இதைக் கேள்விப்பட்டு நாலு பேர் வந்து நிற்கிறார்கள், பாயின் ஜமாத்தில் இரண்டு பேர், நம் கோயிலில் இரண்டு பேர், எல்லோருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். படித்துச் சொல்லு என்றுதான் வருகிறார்கள். யாருக்கும் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், வேண்டுமானால் அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று. திமிர் பிடித்தவள் என்கிறார்கள், சொல்லட்டும். சொல்லிக் கொடுப்பது பாய்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் பாதி தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இவர்களோடு உட்கார்ந்ததில் நானும் ஒன்று பார்த்தேன். மெயிலில் விஷயத்துக்கு மேலே யார், எந்த முகவரி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் போட்டிருக்கிறது, இதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. போன வாரம் உன் மெயில்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏப்ரல் வரைக்கும் உன் முகவரியின் கடைசியில் உன் கம்பெனி பேர் இருக்கிறது. மே மாதத்தில் இருந்து அது இல்லை, வேறு ஏதோ ஒன்று. மணியையும் பார்த்தேன், உங்களுக்கும் எங்களுக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்பெல்லாம் நீ வேலை விட்டு வந்த பிறகுதான் எழுதுவாய். இப்போது அங்கே செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எழுதுகிறாய், வியாழக்கிழமை பத்து மணிக்கு எழுதுகிறாய். மே மாதத்துக்கு அப்புறம் வந்த ஆறு மெயிலிலும் வேலை நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒரு மெயிலிலாவது நீ அப்படி எழுதியிருக்கிறாயா? உன் மேனேஜரைத் திட்டாமல் நீ எனக்கு ஒரு கடுதாசி போட்டதில்லை.

அதனால் கேட்கிறேன் ஆண்டனி, உனக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? போயிருந்தால் போகட்டும், அதற்காக யாரும் இங்கே மார்பில் அடித்துக்கொள்ள மாட்டோம். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று நீயாக ஒன்றும் முடிவு கட்டாதே. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், வீட்டு வாடகை ஒழுங்காகப் போகிறதா, தனியாகத்தான் இருக்கிறாயா, பேச ஆள் இருக்கிறதா, இவ்வளவும் எனக்குத் தெரிய வேண்டும். உன் அப்பாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும், அவரும் இப்போது மவுசைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார், மேலே அப்பாவுக்கு என்று அவர் பேரைப் போட்டே எழுது. நான் தப்பாக நினைத்திருந்தால், இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லை, மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நன்றாகத் திட்டி நாலு வரி எழுது, வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். கொடியேற்றத்தன்று உன் பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். குளிர் வருவதற்குள் அந்தப் பழைய ஜாக்கெட்டின் ஜிப்பைச் சரி செய். ஃபோன் செய்வதாக இருந்தால் இங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய், அதற்கு முன்னால் செய்யாதே, கிழடுகள் எல்லாம் லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
தேசம்மா மிக்கேல்